ஏழு ஆண்டு என்பதன் பொருள்: ஒலிவியா டி ஹாவிலண்டின் வழக்கும் நடிப்பும்

ஒலிவியா டி ஹாவிலண்ட் 1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிபோர்னியாவின் சரடோகாவில் வளர்ந்தவர். 1934இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் மேடையேற்றிய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹெர்மியாவாக நடித்தார். அந்நாடகத்தைப் படமாக்கிய வார்னர் பிரதர்ஸ் அவரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. 'கேப்டன் பிளட்' (1935) தொடங்கி எரோல் ஃபிளின்னுடன் எட்டுப் படங்கள். பெரும்பாலானவற்றில் நாயகனின் காதலி என்பதற்கு மேல் அவருக்கு வேலையில்லை.

'கான் வித் த விண்ட்' (1939) படத்தின் மெலனி பாத்திரம் அவருக்கு வாய்த்தது, வார்னர் அவரை டேவிட் செல்ஸ்னிக்குக்கு இரவல் கொடுத்ததால்தான். படம் முடிந்து திரும்பியவருக்குப் பழைய வார்ப்பிலேயே பாத்திரங்கள் வந்தன. அவர் மறுத்தார். மறுக்கும் நடிகரைச் சம்பளமின்றி இடைநிறுத்துவதும், அந்நாட்களை ஒப்பந்தக் காலத்தின் முடிவில் கூட்டிக்கொள்வதும் அன்றைய ஸ்டுடியோக்களின் வழக்கம். இதன்படி, 1943இல் ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏறக்குறைய ஆறு மாதம் பாக்கியிருப்பதாக வார்னர் கூறியது.

கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவு, தனியாள் உழைப்பு ஒப்பந்தத்தை ஏழாண்டுக்கு மேல் வலிந்து நிறைவேற்ற இயலாது என்கிறது. ஏழாண்டு என்பது உண்மையில் வேலை செய்த காலமே என்றது ஸ்டுடியோ. நாள்காட்டியின் ஏழாண்டுதான் என்றார் டி ஹாவிலண்டின் வழக்கறிஞர் மார்ட்டின் கேங். 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடிகையின் பக்கம் நின்றது. பொதுநலன் கருதித் தொழிலாளிக்குத் தரப்பட்ட இப்பாதுகாப்பை அவரே கையெழுத்திட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. 1936இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் இதே நிறுவனத்திடம் பெட்டி டேவிஸ் தோற்றிருந்ததை நினைத்தால், இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

வழக்கு நடந்தபோது பிற ஸ்டுடியோக்களின் கதவும் அடைபட்டிருந்தது. இக்காலத்தை அவர் கலைவாழ்வின் இடைவெளியாகப் பார்ப்பது போதாது. பாத்திரங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை இவ்வழக்கு தந்ததால், பின்வந்த சாதனைகளின் வேர் இதில்தான் உள்ளது. 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946) படத்தில் இளம்பெண்ணாகத் தொடங்கி, மகனைப் பிரிந்து நடுவயதை எட்டும் மணமாகாத தாயாக நடித்து முதல் ஆஸ்கரைப் பெற்றார். 'த ஸ்னேக் பிட்' (1948) படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளை நேரில் கவனித்தார். 'த ஏரெஸ்' (1949) கதையோ அவரே தேடிக்கொண்டது: நியூயார்க் மேடையில் நாடகத்தைப் பார்த்து, அதைப் படமாக்கும்படி இயக்குநர் வில்லியம் வைலரிடம் சொன்னவர் அவர். அவமதிக்கப்பட்ட மகள் மெல்ல இறுகிப்போவதைக் குரலின் மாற்றத்திலேயே அவர் காட்டும் விதம் மெலனியின் மென்மையைவிடப் பல மடங்கு ஆழமானது. இரண்டாம் ஆஸ்கர் இதற்கே கிடைத்தது.

ஸ்டுடியோ அமைப்பை இவ்வழக்கு ஒன்றே வீழ்த்தியது என்பது மிகை. 1948இல் ஸ்டுடியோக்களின் திரையரங்கு உடைமைக்கு எதிராக வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் தொலைக்காட்சியும் அதைவிடப் பலமாகத் தாக்கின. ஆயினும் நடிகரின் காலம் நடிகருக்கே உரியது என்ற நிலை இவ்வழக்கால்தான் உறுதிப்பட்டது.

1950களில் பாரிஸில் குடியேறிய டி ஹாவிலண்ட், 1965இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணியானார். 2020 ஜூலை 26 அன்று 104ஆம் வயதில் அந்நகரிலேயே காலமானார். 2855ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றே அது வழங்குகிறது.