காலத்துக்கு முந்தி வரும் பருவம்



ஏழு வயதுச் சிறுமியின் உடலில் பருவத்தின் அறிகுறி தென்பட்டால், வீட்டில் எழும் முதற் கேள்வி, “அப்படி என்னதான் ஊட்டினாய்?” என்பதே. கேட்பவர் பெரும்பாலும் தகப்பனைப் பெற்ற பாட்டி. தலைகுனிந்து நிற்பவள் தாய். கோழிக்கறியிலிருந்து பால் வரை குற்றப்பட்டியல் நீளும்.

நம் முன்னோர் பெண்ணின் பருவங்களைப் பகுத்தபோது, எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை என்றும், பன்னிரண்டு, பதின்மூன்றை மங்கை என்றும் வைத்தனர். இன்றைய மருத்துவர்கள், பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்னும் ஆணுக்கு ஒன்பது வயதுக்கு முன்னும் மாற்றம் தொடங்கினால் அதை முன்கூட்டிய பருவம் என்கின்றனர். இதைக் கவனியாமல் விட்டால் எலும்பு வளர்ச்சி விரைவில் முடிந்து, பிள்ளை உயரம் குன்றிப்போகலாம்.

பருவத்தைத் தொடங்கிவைப்பது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். கைக்குழந்தைப் பருவத்தில் சிறிது காலம் விழித்திருந்து, பிறகு பல ஆண்டுகள் அது உறங்குகிறது. அதை எழுப்புவதில் கிஸ்பெப்டின் என்னும் பொருளுக்குப் பெரும் பங்குண்டு என்பது 2003இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தெரியவந்தது. (கிஸ் என்னும் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி நகரில் அதன் மரபணு கண்டறியப்பட்டதால் வந்த பெயர் இது, விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டு உண்டு!) எழுப்புவது தெரிந்தது; உறங்கவைப்பது எது?

அதற்கு விடை 2013இல் கிடைத்தது. பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள், இக்குறை தொடர்ந்து வரும் 15 குடும்பங்களை ஆராய்ந்தனர். ஐந்து குடும்பங்களில் எம்.கே.ஆர்.என்.3 என்ற ஒரே மரபணு பழுதுபட்டிருந்தது. அந்த மரபணுதான் பருவத்தைப் பிடித்துவைக்கும் தடைக்கட்டை. பாதிக்கப்பட்ட சிறுமியர், சிறுவர் அனைவரும் அந்தப் பழுதைத் தகப்பனிடமிருந்தே பெற்றிருந்தனர்.

இது தற்செயல் அன்று. பெரும்பாலான மரபணுக்களில் தாய் தந்த படி ஒன்று, தகப்பன் தந்த படி ஒன்று என இரண்டு நம்மிடம் உண்டு. இந்த மரபணுவிலோ தாய் தந்த படியின்மேல் மெத்தில் என்னும் வேதிக்குறி படிந்து, அதை வாய்திறவாமல் பூட்டிவிடுகிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதன்மேல் இட்ட முத்திரை மட்டுமே வேறு. இவ்வாறான முத்திரைகளை ஆராய்வதே மேல்மரபியல்.

முத்திரைகளைப் பற்றிய அறிவில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. தேக்காவிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள கே.கே. மருத்துவமனையை அறியாதவர் யார்? கண்டாங் கெர்பாவ் என்ற அதன் மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். 1924இல் அது மகப்பேற்று மருத்துவமனை ஆனது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தனர். அங்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், 2009 முதல் சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து ‘கஸ்டோ’ என்னும் நெடுநாள் ஆய்வு தொடங்கப்பட்டது. அதில் 237 குழந்தைகளின் தொப்புள்கொடியை ஆராய்ந்து 2014இல் முடிவு வெளியிட்டனர். குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் மெத்தில் குறிகளில் கால் பங்குக்கு மரபணு மட்டுமே போதிய விளக்கமாக இருந்தது. முக்கால் பங்குக்கு மரபணுவும் கருப்பைச் சூழலும் சேர்ந்த விளக்கமே பொருந்திற்று. இது பருவம் பற்றிய ஆய்வன்று. ஆயினும் பிறவி வேறு, சூழல் வேறு என்று கோடு கிழிப்பது எத்தனை கடினம் என்பதைக் காட்டிற்று.

முன்கூட்டிய பருவம் எல்லாமே இந்த ஒரு மரபணுவால் வருவதில்லை. பல சிறுமியரிடம் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. சிறுவரிடம் மூளைக்கட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பருவத்தைச் சில ஆண்டுகள் நிறுத்திவைக்க ஊசிமருந்து உண்டு.

இனி அந்தப் பாட்டியிடம் வருவோம். பழுதான படியைத் தன் தாயிடமிருந்து பெற்ற ஆண்மகனிடம் அது பூட்டியே கிடக்கும். அவன் உரிய வயதில்தான் பருவமடைவான். அவன் அதைத் தன் மகளுக்குக் கொடுக்கும்போதோ, அது தகப்பன் வழிப் படியாகிப் பூட்டுத் திறந்துவிடுகிறது. ஆகவே “என்ன ஊட்டினாய்?” என்று மருமகளைக் கேட்கும் பாட்டியே, சில வீடுகளில், அந்த மரபணுவைப் பேத்திக்கு அனுப்பிவைத்தவராக இருக்கக்கூடும்.