தேவாலயத்திலிருந்து இசையரங்குக்கு: பரோக் சேர்ந்திசையின் நீடித்த வாழ்வு

ஒரு காலத்தின் தேவைக்கென ஆக்கப்பட்ட கலை, அத்தேவை மறைந்த பின்னரும் வாழ்வது எங்ஙனம் என்ற வினா கலைவரலாற்றில் அடிக்கடி எழுவதொன்றாகும். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 தொடக்கம் 1750 வரை நிலவிய பரோக் காலத்தின் சேர்ந்திசை இதற்குத் தக்க சான்றாகும். அவ்விசையைப் போற்றிய அரசவைகள் மறைந்துவிட்டன. ஆயினும் ஹண்டலின் ‘மெசையா’வும் பாக்கின் ‘மத்தேயுவின் திருப்பாடுகளும்’ இன்றும் இசையரங்குகளை நிறைக்கின்றன. இதனை மேதைகளின் ஆற்றல் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அவற்றைத் தமதாக்கிக்கொண்ட மக்களின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

இவ்விருவரும் 1685 ஆம் ஆண்டில் ஜேர்மன் மண்ணிற் பிறந்தவர்கள். இலண்டனிற் குடியேறிய ஹண்டல், பெருஞ்செலவு பிடித்த இத்தாலிய ஒபராவிலே நட்டமுற்று, ஆங்கில மொழி ஓரட்டோரியோவின்பால் திரும்பினார். இதற்கு ஆடையணிகளோ மேடைக்காட்சிகளோ வேண்டியதில்லை. தனிப்பாடகரின் இடத்தைப் பாடகர் குழுவும் பங்கிட்டுக்கொண்டது. 1741 இல் 24 நாட்களில் இயற்றப்பட்ட ‘மெசையா’, 1742 ஏப்ரல் 13 ஆம் நாள் டப்ளின் நகர இசை மண்டபமொன்றில் அரங்கேறியது. இடநெருக்கடி கருதி, பெண்கள் வளையமிட்ட பாவாடைகளையும் ஆண்கள் வாள்களையும் தவிர்த்து வருமாறு வேண்டப்பட்டனர். கிடைத்த பணத்தின் ஒரு பகுதியால் கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலை பெற்றனர். இலண்டனிலோ, திருமறை வாசகங்களை நாடக அரங்கிற் பாடுதல் தகாது எனச் சிலர் எதிர்த்தனர். 1750 தொடக்கம் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்துக்கு நிதி திரட்டுமுகமாக அது ஆண்டுதோறும் பாடப்பட்டமை அவ்வெதிர்ப்பைத் தணித்தது எனலாம்.

பாக்கின் படைப்போ வழிபாட்டுக்கென்றே பிறந்தது. லைப்சிக் நகரின் புனித தோமஸ் தேவாலயத்திலே 1727 இல் பெரிய வெள்ளியன்று அது முதன்முறை பாடப்பட்டதெனக் கொள்ளப்படுகின்றது. அதன் இரு பகுதிகளுக்குமிடையே மறையுரை நிகழ்ந்தது; மேற்குரலைச் சிறுவரும் இளைஞருமே பாடினர். 1750 இல் பாக் மறைந்த பின்னர் அப்படைப்பும் பொதுமக்களின் நினைவினின்று நீங்கிற்று. 1829 மார்ச் 11 ஆம் நாள் 20 வயதினரான மெண்டல்சோன் பேர்லினில் அதனை மீண்டும் அரங்கேற்றினார். பாடியவர்கள் திருச்சபையின் ஊதியம் பெற்றவரல்லர். 1791 இல் நிறுவப்பட்ட பாட்டுக் கழகமொன்றைச் சேர்ந்த ஆண்களும் பெண்களுமாவர். பல பகுதிகள் நீக்கப்பட்டே பாடப்பட்ட போதிலும் மக்கள் திரண்டனர். பாக்கின் பிறந்தநாளான மார்ச் 21 இல் அது மீளவும் பாடப்பட்டது. வழிபடுவோரின் இடத்தை இரசிகர் பெற்றனர். இதில் இழப்பும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அம்மாற்றமின்றி அவ்விசை ஏட்டிலேயே உறங்கியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கைத்தொழில் நகரங்கள் இம்மரபை மேலும் விரிவாக்கின. 1836 இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிற் சேர்ந்திசைச் சங்கம் தோன்றியது. நொவெல்லோ பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புக்களும், ஜோன் கேர்வன் பரப்பிய எளிய சுரக்குறிமுறையும் இசைக்கல்வி பெறாத தொழிலாளருக்கும் இவ்விசையை எட்டச் செய்தன. தொழிலாளரை மதுச்சாலையினின்று விலக்கும் வழியென முதலாளிமார் சிலர் இதனை ஆதரித்தனர். எனினும் பாடியவர் பெற்ற இன்பம் அந்நோக்கத்துக்கு அப்பாற்பட்டது. 1859 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் 2700 க்கு மேற்பட்ட குரல்கள் ஒன்றாய் ஒலித்தன.

இவ்வீர்ப்புக்கு இசையமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. ‘பியூக்’ எனும் அமைப்பில் ஒரு குரல் தொடங்கும் இசைக்கருத்தை ஏனைய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏற்கின்றன. எக்குரலும் பிறிதொன்றுக்கு வெறுந் துணையாய் நிற்பதில்லை. பின்வரிசையில் நிற்கும் கீழ்க்குரலோனும் தன் முறை வரும்போது தலைமை ஏற்கின்றான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழைய இசைக்கருவிகளையும் சிறு குழுக்களையும் கொண்டு மூலவடிவை மீட்கும் முயற்சி வலுப்பெற்றது. பெருங்குழுக்கள் இசையின் நுட்பத்தை மறைத்தன என்ற கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயினும் மீட்பதற்கு அவ்விசை எஞ்சியிருந்தமைக்கு அப்பெருங்குழுக்களும் காரணம் என்பதை வரலாறு மறத்தலாகாது. கேட்போரால் ஒரு கலை புகழ் பெறலாம். பங்குகொள்வோராலேயே அது நிலைபெறுகின்றது.