மூலநிரலும் மூட்டையும்

பி.டி. ரோடு பக்கம் போகிறவர்கள் பரானகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். மஹாலனோபிஸ் 1931-ல் ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1950-களின் நடுவில் வந்து இறங்கியது இங்கேதான். ஹெச்.இ.சி.-2எம் என்று பெயர், இங்கிலாந்துச் சரக்கு. 1966-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த முதல் மெஷினுக்கு அதன் பாஷையிலேயே, எண்களாக எழுத வேண்டும். எழுதியதுதான் ஓடும், நடுவில் யாரும் கிடையாது. கம்பைலர் வந்த பிறகு நாம் படிக்கிற மூலநிரல் வேறு, மெஷின் ஓட்டுகிற பைனரி வேறு என்றாகிவிட்டது. லேக் மார்க்கெட்டில் பாக்கெட் தோசைமாவு வாங்குகிற மாதிரி. அரிசி உளுந்தை யார் பார்த்தார்கள்?

நிற்க. ஒரு சாஃப்ட்வேரில் நூறு கோப்புகள் இருந்தால், எதை மாற்றினோம், எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பதே பெரிய தலைவலி. பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலை முழுக்க ஒரு பிழையைத் தேடி அலைந்திருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது, அந்தக் கோப்பைத் திரும்பக் கம்பைல் செய்யாததுதான் பாக்கி! அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதியதுதான் 'மேக்' என்கிற கட்டளை. கோப்புகளின் தேதியைப் பார்த்து, மாறியதை மட்டும் கட்டும். அதன் கட்டளை வரிகள் 'டேப்' விசையில்தான் தொடங்க வேண்டும் என்பது இன்றுவரை எல்லோரும் திட்டும் விதி. ஃபெல்ட்மன் மாற்றியிருக்கலாம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை :-)

1993-ல் இயன் முர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதில் கட்டி முடித்ததை மூட்டையாக்கவும் கட்டளை உண்டு. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், துணைக்கு வேறு எவை வேண்டும் என்ற பட்டியல் மூட்டைக்குள்ளேயே இருக்கும். நமக்கு ஒரே வரியில் வேலை முடிந்தது.

வங்கிக்காரன் புத்தி இங்கேதான் உறுத்துகிறது. வவுச்சர் போடுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் இன்னொருவர் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இந்த மூட்டை அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று பாஸ் செய்தவர் யார்? கம்பைலருக்குள்ளேயே திருட்டு வழியை ஒளித்து வைக்கலாம், மூலநிரலைப் படித்தாலும் தெரியாது என்று கென் தாம்ப்ஸன் 1984-லேயே எழுதிக் காட்டினார்.

2024-ல் நடந்தேவிட்டது. எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகளை, வெளியீட்டுக்கான மூலநிரல் பொட்டலத்தில் மட்டும் செருகினார். அந்த வரிகள், டெபியன் அல்லது ரெட்ஹாட் வகை மூட்டை கட்டப்படுகிறதா என்று பார்க்கும். ஆமென்றால் மட்டும் விஷத்தைக் கலக்கும். வீட்டில் தனியாகக் கட்டிப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற என்ஜினியர், தொலைவிலிருந்து லாகின் செய்ய அரை விநாடி கூடுதலாகிறதே என்று குடைந்து, 2024 மார்ச் 29-ல் விஷயத்தை வெளியிட்டார். சோதனைப் பதிப்புகளோடு தப்பித்தோம். தப்பாதிருந்தால் உலகமெங்கும் எத்தனையோ சர்வர்களின் பூட்டு திறந்திருக்கும்.

ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே கட்டினால் பிட் பிசகாமல் ஒரே மூட்டை வர வேண்டும் என்று டெபியன்காரர்கள் 2013-லிருந்தே உழைத்து வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இந்தத் திருட்டை அதுவும் பிடித்திருக்காது, ஏனென்றால் பொட்டலமே கெட்டது. பொட்டலத்தை விட்டுவிட்டு நேரே பொதுக் களஞ்சியத்திலிருந்தே கட்டலாமே என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.