பழம்படமும் உடைச் சான்றும்

நம்மவர் இல்லங்களிலுள்ள பழைய குடும்பப் படங்களுக்கு உடையும் சிகையும் நோக்கிக் காலங் கூறுதல் வழக்கம். கதருடையும் காந்திக் குல்லாயும் காணின், அப்படம் 1920-ஐ ஒட்டியோ அதன் பின்னரோ எடுத்ததாகும். இது பொருந்தும். ஆனால் குடுமியும் சட்டையற்ற மார்பும் கண்டவுடன் மிகப் பழைய படமென முடிவு செய்தல் தவறாகும்.

1930 டிசம்பரில் அந்நாள் இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிடராகிய நம்மவர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தனர். ஆடவர் கிராப்பு வைத்தலாகாது. சட்டை, பனியன் அணிதலாகாது. வேட்டி முழங்காலுக்குக் கீழ் இறங்கலாகாது. பெண்டிர் இரவிக்கையாலோ தாவணியாலோ மேனி மறைத்தலாகாது, பூச்சூடலாகாது. பொன், வெள்ளி நகைகளும், குடையும், செருப்பும் கூடா. மீறினோர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின.

நம்மவர் அவற்றை அணியத் தொடங்கியமையாலன்றோ தடை எழுந்தது! ஆதலின் 1930-க்குப் பிற்பட்ட படத்திலும் பாட்டியாரின் தோள் வெறுமையாய்த் தோன்றலாம். அவ்வெறுமை காலத்தின் பழமையன்று. பிறர் இட்ட தடை.

ஆகவே, அன்பர்களே, படத்தில் உள்ள உடையைச் சான்றாகக் கொள்ளுங்கள். இல்லாத உடையைச் சான்றாகக் கொள்ளாதீர். மூத்தோரை வினவி, அறிந்ததைப் படத்தின் பின்புறத்தே எழுதி வைத்தல் நம் கடன்.