ஆறு மணிக்கு முன்னால் கூட்டம் கூடாது



பிரிட்டனில் ஓட்டுரிமை வளர்ந்த கதையைப் பாடமாக நடத்தும்போது 1832, 1867, 1884 என்று மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதுவேன். இன்று சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு ஆண்டு: 1894.

அதுவரை இங்கிலாந்துக் கிராமங்களில் ஊர்க் காரியங்களைப் பார்த்தது 'வெஸ்ட்ரி' என்ற தேவாலயக் கூட்டம். பாதிரியாரும் பெரிய நிலக்காரர்களும் வைத்ததே சட்டம். 1818இல் வந்த விதிப்படி, சொத்து மதிப்பு ஏற ஏற ஓட்டும் ஏறும். ஒருவருக்கே ஆறு ஓட்டு வரை உண்டு. கூலிக்காரர்கள் பலருக்கு 1884இல் நாடாளுமன்ற ஓட்டு கிடைத்துவிட்டது. சொந்த ஊர்க் கூட்டத்தில் மட்டும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

1894 மார்ச்சில் வந்த உள்ளாட்சிச் சட்டம் இதை மாற்றியது. 300 பேருக்குக் குறையாத ஒவ்வொரு கிராமப்புறப் பாரிஷுக்கும் ஒரு கவுன்சில். உறுப்பினர்கள் 5 முதல் 15 வரை. சொத்துத் தகுதி கிடையாது. பெண்களும், மணமானவர்கள் உட்பட, போட்டியிடலாம். சம்பளம் கிடையாது.

எனக்குப் பிடித்தவை அதன் சின்னப் பிரிவுகள்தான். ஊர்ப் பொதுக்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது; வயலில் இருப்பவன் வீடு திரும்ப வேண்டுமே! வேறு இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் கூடக் கூடாது. பள்ளிக்கூட அறையை வாடகையில்லாமல் கேட்டு வாங்கலாம்.

ஆனால் ஓட்டு, கையைத் தூக்கிப் போட வேண்டியது. வேலை கொடுப்பவரும், குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். கை தூக்கினால் வேலையும் போகலாம், வீடும் போகலாம். இதற்காகவே, ரகசிய வாக்கெடுப்பு கேட்கும் உரிமையையும் சட்டம் வைத்திருந்தது.

எப்படிப்பட்டவர்களுக்காக இந்தக் கதவு திறந்தது? நார்ஃபோக் பகுதியின் ஜார்ஜ் எட்வர்ட்ஸை எண்ணிப் பாருங்கள். 1850இல் பிறந்தவர். சிறு வயதிலேயே வயலில் காக்கை விரட்டும் வேலை. கல்யாணமான பிறகு, மனைவி ஷார்லட்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். விவசாயக் கூலிகளின் சங்கத் தலைவராகி, 1920இல் நாடாளுமன்றம் வரை போனார்.

1894 டிசம்பரில் முதல் தேர்தல். பல ஊர்களில் பழைய பண்ணைக்காரர்களே திரும்ப வந்தார்கள். வரி போடும் அதிகாரமும் குறைவு. பவுனுக்கு மூன்று பென்னி, ஊர்க்கூட்டம் சம்மதித்தால் ஆறு. ஆனாலும் கூலிக்காரர்கள் காய்கறி பயிரிடத் துண்டு நிலம் பெற்றுத்தரவும், கிணற்றையும் நடைபாதையையும் கவனிக்கவும் ஓர் அவை வந்தது.

இன்று இங்கிலாந்தில் அப்படிச் சுமார் 10,000 கவுன்சில்கள் இருக்கின்றன. 18 வயது நிரம்பிய உள்ளூர்வாசி போட்டியிடலாம். பெரும்பாலும் ஊதியமில்லாத தொண்டுதான். பல ஊர்களில் போட்டியே இல்லை. காலி இடத்துக்கு ஆள் தேடிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அன்று பயந்து பயந்து தூக்கிய கைகள் வாங்கித் தந்த நாற்காலி அது. காலியாகக் கிடந்தால் யார் வந்து உட்காருவார்கள் என்பதை வெஸ்ட்ரியின் வரலாறே சொல்லும்.