சல்லி: ஒலி ஒன்று, வழிகள் வேறு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் உள்ள கிராமம் சல்லி. கரையில் அமைந்த முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. இந்த ஊர்ப்பெயரைக் கேட்கும் சிங்களவருக்குப் பணம் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுக்காரருக்கு உடைகல்லோ சில்லறைக் காசோ தோன்றும். மத்ரஸாவில் ஓதியவரின் காதிலோ தொழுகைக் கட்டளை ஒலிக்கும். திராவிட, இந்தோ-ஆரிய, செமித்திய மொழிகளில் ஒரே ஒலி கேட்கிறது. வேரும் ஒன்றுதானா?

தமிழிலிருந்து தொடங்குவோம். சல்லி என்றால் சிறு துண்டு. கல் உடைந்தால் சல்லிக்கல். ஆணிவேராக இறங்காமல் பிரிந்து பரவினால் சல்லிவேர். மதிப்பில் சிறியது சல்லிக்காசு. காளையின் கொம்பில் காசு முடிந்த துணியைக் கட்டியதால் சல்லிக்கட்டு என்ற பெயர் வந்ததென்பர். இலங்கையில் ஒல்லாந்தர் காலச் செப்புக்காசையும் சல்லி என்றே அழைத்தார்கள். சிங்களம் இச்சொல்லைத் தமிழிடமிருந்து பெற்று, பணம் முழுவதற்கும் பொதுப்பெயராக்கிக்கொண்டது. இலங்கை முஸ்லிம்களின் பேச்சிலும் அதுவே வழக்கு. தமிழ்நாட்டில் "சல்லிக்காசு இல்லை" என்றால் மிகச் சிறிய நாணயம்கூட இல்லை என்பது பொருள். இங்கே "கையில சல்லி இல்ல" என்றால் பணமே இல்லை. பொருள் விரிந்தது, வேர் மாறவில்லை.

அரபு 'ஸல்லி'யின் கதை வேறு. அதன் மூலம் ஸாத், லாம், வாவ். நடு எழுத்தை இரட்டிக்கும் தஃப்ஈல் வாய்பாட்டினால் லாம் இரட்டித்தது. ஏவலில் கடைசி எழுத்து உதிர்ந்தது. அப்படிப் பிறந்ததே 'ஸல்லி'. அல்கவ்ஸர் (108) அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் அது மனிதனை நோக்கித் 'தொழுவீராக' என்கிறது. ஸலவாத்தில் இறைவனை நோக்கி 'அருள்புரிவாயாக' என்று வேண்டுகிறது. நபிகள் நாயகத்தின் பெயருக்குப் பின் நாம் அச்சிடும் (ஸல்) என்ற சுருக்கமும் இதே வேரைச் சேர்ந்தது. 'ஸலாத்' என்ற சொல்லோ அரமேய மொழியில் தொழுகையைக் குறித்த சொல்லோடு உறவுடையது என்பது மொழியறிஞர் கருத்து.

நம் முன்னோர் 'ஸலாத்'தைத் தொழுகை என்றும் 'ஸவ்ம்' என்பதை நோன்பு என்றும் தமிழாக்கி வழங்கினார்கள். ஸலவாத்தை மட்டும் அரபாகவே வைத்துக்கொண்டார்கள். ஆகவே 'ஸல்லி' அன்றாடம் நம் நாவில் இருந்தும் தமிழ்ச் 'சல்லி'யோடு கலக்கவில்லை. அரபுத்தமிழில் எழுதியவர்கள் அரபுச் சொற்களை அவற்றுக்குரிய எழுத்துகளிலேயே எழுதியதால் ஸாத் மறையவில்லை. தமிழ் எழுத்தில் சகரத்தை இட்டு எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

ஒலி ஒத்தால் போதாது. சொல் வந்த வழியையும் காட்டவேண்டும். துட்டு ஒல்லாந்தரின் 'டொய்ட்' நாணயத்திலிருந்து வந்தது என்கிறோம். அதற்கு ஆட்சி, வணிகம், கைமாறிய காசு என வழி இருக்கிறது. தமிழ்ச் சல்லி சிங்களத்துக்குச் சென்றதற்கும் அண்டை வாழ்வும் கொடுக்கல் வாங்கலும் சான்று. அரபு 'ஸல்லி'க்கும் காசுக்கும் இடையே அப்படி எந்த வழியும் இல்லை.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் ஊர்ப்பெயர்கள் நிலவுரிமை வழக்கில் சாட்சிகளாக நிறுத்தப்படுகின்றன. ஒலியை மட்டும் காட்டி ஒருவர் ஊரைச் சிங்களமாக்கலாம், இன்னொருவர் தமிழாக்கலாம். நம்மிலும் ஒருவர் கிளம்பி, "சல்லி என்றால் தொழுகை, ஆதியில் இது நம் ஊர்" என்று எழுதலாம். அப்படி எழுதுவது நம் வரலாற்றுக்குப் பெருமை சேர்க்காது. அக்கரையில் தலைமுறைகளாக வலை இழுத்து வாழும் மக்களுக்கு அது அநீதி. நாளை நம் ஊர்ப்பெயர்களை வைத்து மற்றவர் அதையே செய்யும்போது மறுக்கும் தகுதியையும் நாம் இழந்துவிடுவோம்.