குன்றேறிக் கிழக்கே பார்!

திருவண்ணாமலை என்றதும் தீபம் ஏற்றும் வடக்கத்திப் பெருமலைதான் பலர் நினைவுக்கு வரும். திருவில்லிபுத்தூர் வட்டாரத்தாருக்கு இன்னொரு திருவண்ணாமலை உண்டு. ஊருக்கு அருகே ஒரு சிறு குன்று. அதன் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். பட்டம் பெற்றும் பணி கிட்டாத இளைஞன் அந்தப் படிகளில் ஏறுகிறான். பணி கிட்டியும், "இது நம்மால் ஆகுமா?" என்று உள்ளம் நடுங்குகிறவனும் ஏறுகிறான். ஏறட்டும், வழிமறிக்க நாம் வரவில்லை. ஏறியபின் ஒரு கணம் கிழக்கே திரும்பிப் பார் என்று மட்டும் கேட்கிறோம். கரிசல் வெளிக்கு அப்பால் சிவகாசி இருக்கிறது. அதற்கும் அப்பால் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை. அவன் தேடி வந்த தன்னம்பிக்கையின் வரலாறு அந்தத் திக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"தன்னம்பிக்கை கொள்!" என்று சொல்வது எளிது. பசித்தவனிடம் "வயிறு நிறைந்ததாக எண்ணிக்கொள்" என்பது போன்ற அறிவுரை அது. நம்பிக்கை நெஞ்சில் தானாக ஊறும் நீரன்று. அது பறிக்கப்பட்டது, பறித்தவர் உண்டு, பறித்த முறையும் உண்டு. தொழிலைப் பிறப்போடு பிணைத்து, "உன் பாட்டன் செய்ததே உனக்கு, அதற்கு மேல் எண்ணுவது பாவம்" என்று ஓதிய ஏற்பாடு ஒன்று இங்கே இருந்ததே! தன் கையைத் தானே நம்பாத கோடிக்கணக்கான மக்களை ஆக்கியது அதுதான்.

பனையேறிகள் என்று ஒதுக்கப்பட்ட நாடார் மக்களின் கதையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாணிகத்திற்காக வடக்கே வந்து, சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் வேரூன்றினர். கையில் பொருள் சேர்ந்தது, மதிப்பு சேரவில்லை. கமுதிக் கோயிலுக்குள் 1897-இல் நுழைந்தார்கள், வழக்கு மூண்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899 சூன் திங்களில் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின.

எரிந்த வீட்டின் சாம்பல் மேல் நின்றவன் என்ன செய்வான்? விதி என்று குந்தியிருக்கலாம். ஊரை விட்டு ஓடியிருக்கலாம். "நாங்கள் சத்திரியர்" என்று பழம்பெருமை தேடிய முயற்சியும் நடந்தது. விருதுநகரில் எழுந்த பள்ளியின் பெயரே சத்திரிய வித்தியாசாலைதான். ஆனால் அந்தச் சமுதாயத்தைத் தூக்கி நிறுத்தியது சத்திரியப் பட்டமா? இல்லை, தோழர்களே! பெயர்ப்பலகை அன்று; அதற்கு உள்ளே இருந்த கரும்பலகை! வாணிகத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து வைக்கும் மகமை, வீடுதோறும் திரட்டிய பிடி அரிசி ஆகியவையே கல்விக்கு உரமாயின. அந்தப் பள்ளியில் படித்த ஏழைச் சிறுவன் ஒருவன்தான் பின்னாளில், 1954 முதல் 1963 வரை, தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த காமராசர்.

கல்வியைத் தொடர்ந்து அமைப்பு வந்தது. நாடார் மகாசன சங்கம் 1910-இல் தோன்றியது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி பிறந்தது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது. கடன் கேட்டு எவன் வாயிலிலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்ற நிலை வந்தபோது, முதுகெலும்பு தானே நிமிர்ந்தது.

அடுத்து வந்தது தொழில். சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கும், உழவு கைவிடும். அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் 1922-இல் கல்கத்தா சென்றனர். மொழி தெரியாத ஊர், அறியாத தொழில். அங்கே தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். திரும்பி வந்து 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கினர். அயல்நாட்டு எந்திரங்களை நம்பித் தொடங்கிய தொழில், விரைவில் கைத்தொழிலாக மாறியது. குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல் என்று வேலை பிரிந்து, வீட்டுத் திண்ணைகளுக்கும் பரவியது. சுவீடன் நாட்டுப் பெருமுதலாளிகள் எந்திரப் பலத்தோடு இந்தியாவில் இறங்கியதும் அதே காலம். அவர்களுக்கு எதிரே இந்தக் கைத்தொழில் நின்றது. மழையில்லாத வறட்சிதான் அவ்வூரின் சாபம் என்றார்கள். மருந்தும் குச்சியும் காய அந்த வறட்சியே வாய்ப்பாயிற்று! சாபத்தை வரமாக்கியது மந்திரமா? கற்ற தொழில்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தே தீரும். தாழ்த்தப்பட்டிருந்தவன் உயர்ந்தான், உயர்ந்தபின் தனக்குக் கீழே கிடப்பவனை என்ன செய்தான்? நம்பிக்கைக்கும் ஆணவத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் விளங்கும்.

இதற்கு விடை தந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டின் தலைவர் அவர். திருவில்லிபுத்தூரும் அந்நாளில் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் கழகத் தலைவராக அவர் இருந்தபோது, பேருந்துகளில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிக்கப்படும் என்றார். வழி திறந்தது. தான் ஏறிய ஏணியை அவர் உதைத்துத் தள்ளவில்லை. அடுத்தவன் ஏறப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் அப்படி இருந்தார்களா? இல்லை. இதையும் மறைக்காமல் சொல்வதே பகுத்தறிவு. தீப்பெட்டி ஆபீசுகளில் குச்சி அடுக்கிய விரல்களில் பல, பள்ளியில் எழுதுகோல் பிடித்திருக்க வேண்டிய பிஞ்சு விரல்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்று 1986-இல் நாடு தழுவிய சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதலாளியின் தன்னம்பிக்கை ஊரை வளர்த்தது; தொழிலாளியின் பாதுகாப்பு வளரவில்லை. ஒருவன் நிமிர, இன்னொருவன் குனிந்தே கிடக்க வேண்டுமென்றால், அது பழைய ஏற்பாட்டின் புதிய பதிப்பே அன்றோ!

ஆகவே, குன்றின் மேல் நிற்கும் இளைஞனே! உன் அச்சம் உன் பிறவிக் குறை அன்று. அலுவலகத்தில் ஒரு வினாவுக்கு விடை சொல்ல உன் நா தடுமாறுகிறதென்றால், பல தலைமுறைகளாக வாய்பொத்தி நின்ற பழக்கம் அந்த நாவின் மேல் அமர்ந்திருக்கிறது. அதை விரட்ட வேண்டுதல் போதாது. "நான் வல்லவன்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதும் போதாது. உன் தொழிலை, உன்னைக் குறைத்துப் பேசுகிறவனைவிட ஒருபடி ஆழமாகக் கற்றுக்கொள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறி. கல்கத்தா சென்ற இருவரும் கற்கச் சென்றவர்களே. தனித்து நில்லாதே, சங்கமோ, படிப்பகமோ, உடன் உழைக்கும் நால்வரின் தோழமையோ, ஏதேனும் ஒன்றோடு சேர்ந்து நில். உனக்குப் பின் வருகிறவனுக்குக் கை கொடு; கொடுக்கும்போதுதான் உன் கையின் வலிமை உனக்கே தெரியும்.

ஏறிய படிகளில் இனி இறங்கு. கீழே உனக்கு வேலை இருக்கிறது.